அக்கா மடியில் என் கணவரின் கால்

என் கணவரின் கால் இன்னொரு பெண்ணின் மடியில் இருப்பதை நான் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலையில். அந்தப் பெண் அவருடைய கூடப்பிறந்த அக்காதான். அதனால் என் வயிற்றெரிச்சல் துளிகூடக் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முசிறியிலிருந்து என் தம்பி ஒரு தார் பூவன் பழம் அனுப்பியிருந்தான். எங்கள் ஃப்ளாட்டில் இருப்பது நானும் அவரும் மட்டும்தான். ஒரு தாரை இரண்டு பேர் எப்படித் தின்று தீர்ப்பது? சில சீப்புகளை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு நடந்தேன். என் கணவர் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அவர் அங்கேதான் இருக்கிறார்.

அதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக வைத்துக் கும்பிடும் சாளக்கிராமப் பெருமாள் இருக்கிறார். அவருக்குத் தினமும் பூஜை செய்ய வேண்டும். அவர்கள் அதைத் திருவாராதனம் என்பார்கள். அதை ஆண்பிள்ளைதான் செய்ய வேண்டும். மாமனாருக்கு முடியாமல் போனதும் அந்தப் பொறுப்பு என் கணவருக்கு வந்தது. நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாமனார் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். பெருமாளை எங்கள் ஃப்ளாட்டுக்கே கொண்டுவந்துவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு தயிர் உறைந்ததா, உறையூர் பக்கம் மழை பெய்ததா என்று அக்கா ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். நான் வாழைத்தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண், கல்லூரியில் பழகி, இரண்டு வீட்டிலும் அடம்பிடித்து இவரைக் கட்டிக்கொண்டவள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆகவே தினமும் விடிந்ததும் அவர் இங்கே குளித்துவிட்டு அங்கே போவார். பூஜை முடித்து, அக்கா கையால் காபி குடித்து, அங்கிருந்தே பேங்குக்குக் கிளம்பிவிடுவார். சாயந்திரமும் விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு நடை. குளித்து முடித்த புது மனிதர் அக்காவுக்கு. வேலை பார்த்துக் கசங்கித் திரும்புகிறவர் எனக்கு. இதை நான் விளையாட்டாகச் சொல்வதுபோல் பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். விளையாட்டு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் அவர் மர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் அக்கா. அவர் வலது கால் அக்காவின் மடியில். பக்கத்தில் கிண்ணம், பஞ்சு, கத்தரிக்கோல், சுருட்டி வைத்த வெள்ளைத் துணி. அக்கா ஏதோ பேசிக்கொண்டே உள்ளங்காலில் ஒட்டியிருந்த பழைய துணியைப் பிய்த்தெடுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே இலந்தைப் பழம் பெரிசுக்கு ஒரு குழி. அதிலிருந்து ரத்தம் முத்து முத்தாகக் கிளம்பியது. இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது?" என்றேன். வாழைப்பழப் பை கையிலிருந்து நழுவிவிட்டது.

"பதறாதே. சின்னக் கொப்புளம்தான். ஆறிண்டு வரது," என்றார் அக்கா.

"எப்பலேருந்து இருக்கு?"

அக்காதான் சொன்னார். "தேர்லேர்ந்து. வெய்யில்ல வெறுங்காலோட வடம் பிடிச்சான் இல்லையா, அப்போ சுட்டிருக்கு. அவனுக்குத்தான் காலே மரத்துக் கிடக்கே, தெரியலை. ஆத்துக்கு வந்து கால் அலம்பறச்சே நான்தான் பார்த்தேன்."

சித்திரைத் தேர். இப்போது ஆடி. அத்தனை நாளும் சர்க்கரை நோய்க்காரருடைய காலில் ஒரு புண் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன்தான் உங்கிட்ட சொல்ல வேண்டாம்னான்," என்றார் அக்கா. குரலில் குத்தல் எதுவும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் கோடை முழுக்க அவர் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடமாடினார். டைல்ஸ் தரை சில்லென்று இருக்கிறதாம். ஆனி மாதத் திருச்சியில் எந்தத் தரை சில்லென்று இருக்கும்? வயசாகிவிட்டது உங்களுக்கு என்று கேலி செய்துகொண்டு நானும் இருந்திருக்கிறேன். வேறு பெண்ணோடு சுற்றும் கணவர்கள் சட்டையில் வாசனையை மறைப்பார்களாம். என் கணவர் சாக்ஸுக்குள் மறைத்திருந்தார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் ஆத்திரம் யாருக்கும் புரியாது. காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில் போய் நான் வேலை பார்க்கும் இடம் ஒரு ஆராய்ச்சிக்கூடம். நம் உடம்பைக் கட்டி நிறுத்தியிருப்பது கொலாஜன் என்ற புரதம். தோல், எலும்பு, ரத்தக்குழாயின் சுவர் எல்லாவற்றிலும் அது முறுக்கிய கயிறு மாதிரி ஓடுகிறது. அந்தக் கயிற்றை அறுப்பதற்கென்றே உடம்பு சில என்சைம்களைச் சுரக்கிறது. பள்ளிக்கூடத்தில் நொதி என்று படித்திருப்பீர்கள். காயம் பட்டால் அவை வந்து கிழிந்துபோன பழைய கயிறுகளை வெட்டி அப்புறப்படுத்தும். புதிய செல்கள் நகர்ந்து வருவதற்கு வழி விடும். வேலை முடிந்ததும் அவற்றை அடக்குவதற்கு வேறு புரதங்கள் வரும். வெட்டுவது நிற்கும், கட்டுவது தொடரும். புண் ஆறுவது என்பது பெரும்பாலும் இதுதான்.

சர்க்கரை நோயாளியின் புண்ணில் அந்த வெட்டு நிற்பதில்லை. உடம்பு கஷ்டப்பட்டுக் கட்டியதை அவை உடனுக்குடன் அறுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். புற்றுநோயில் இதைவிடக் கொடுமை. கட்டியில் இருக்கும் செல்கள் இதே என்சைம்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, திசுவைச் சுற்றியுள்ள மெல்லிய வேலியை அறுத்துவிட்டு ரத்தத்துக்குள் இறங்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்பகக் கட்டிகளில் இந்த என்சைம்களைத் தேடினேன். பிறகு ஆறாத கால் புண்களுக்கு மாறினேன். யார் யாருடைய புண்ணிலிருந்தோ கசிந்த நீர் சின்னச் சின்னக் குழாய்களில் எனக்கு வரும். முகம் தெரியாத எத்தனையோ பேருடைய கால்கள் எனக்கு அத்துப்படி. சொந்தப் புருஷனுடைய காலைப் பார்க்க நான் வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அன்றைக்குக் கிளம்பும்போது, அக்கா குப்பைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய துணியைக் கேட்டேன்.

"சீ, அதை என்னத்துக்கு? தொடாதே, விழுப்பு."

"எனக்கு வேணும், அக்கா."

முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். மடி ஆசாரம் பார்க்கிறவர், தீட்டான எதையும் விழுப்பு என்று விலக்குகிறவர். அவர் இந்தத் துணியை மட்டும் தினமும் கையால் தொட்டுப் பிய்த்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. தம்பிக்காக. கட்டுப் போட்டு முடித்ததும் மறுபடி தலை குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போவாராம். இதைக் கேட்டு எனக்கு மனசு உருகியிருக்க வேண்டும். எரிந்தது.

நாங்கள் இந்த என்சைமைப் பார்க்கும் விதம் எளிமையானது. ஜெலட்டின் கலந்த ஒரு மெல்லிய பலகை, ஜெல்லி மாதிரி இருக்கும். ஜெலட்டின் என்பது அவிழ்த்துவிட்ட கொலாஜன்தான். அதில் புண்ணின் நீரை ஓடவிட்டு, உடம்புச் சூட்டில் வைத்துவிட வேண்டும். என்சைம் எங்கே நிற்கிறதோ அங்கே இருக்கும் ஜெலட்டினைத் தின்றுவிடும். பிறகு நீலச் சாயத்தில் ஊறவைத்துக் கழுவினால், பலகை முழுக்க நீலமாக இருக்க, தின்ற இடம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு பசி.

என் கணவரின் கோடுதான் அந்தப் பலகையிலேயே அகலம். நான் ஆராய்ச்சிக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. எனக்காக மட்டும் பார்த்தேன். பலகையை விளக்கு மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்காவுக்குக் கால் கிடைத்தது, எனக்கு ஒரு கோடு கிடைத்தது என்று நினைத்தேன். அப்புறம் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஏன் இவ்வளவு அகலம்?

மறுநாள் நானும் அவரோடு விடியற்காலையிலேயே உத்தர வீதிக்குப் போனேன். அக்கா கட்டுப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உலர்ந்த துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. அதை அப்படியே உரித்தார். துணியின் அடியில் பொடிப்பொடியாகச் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அது அழுக்கு இல்லை. முதல்நாள் முழுக்க உடம்பு முளைக்கவிட்ட புதுச் சதை. அதன் மேல் நுரைக்கிற மருந்தை ஊற்றினார். பொங்கி அடங்கியதும் பஞ்சால் அழுத்தித் துடைத்தார், கசிவு சுத்தமாக நிற்கிறவரைக்கும். பிறகு புதுத் துணி. சாயந்திரம் விளக்கு வைக்குமுன் மறுபடியும் இதே கதை.

"புண்ணை இப்படி நோண்டாதீங்க, அக்கா."

"நோண்டறேனா? சுத்தம் பண்றேன்."

"தெனம் ரெண்டு வேளை உரிச்சா அது எப்ப வளரும்? நீங்க உரிக்க உரிக்க உள்ள இருக்கற என்சைம் இன்னும் ஊறும். வளர்ந்த சதையத் தின்னுடும்."

"பழைய துணியோட, நீரும் ரத்தமும் கசியற காலோட, பெருமாள் முன்னாடி போய் நிப்பானா? திருவடி தொடுவானா?" அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ ஆஸ்பத்திரி கணக்குச் சொல்றே. இது ஆராதனம் பண்ற உடம்பு."

பூஜைக்குப் போவதற்காகச் சுத்தம். அந்தச் சுத்தத்தால் ஆறாத புண். ஆறாததால் மறுபடி சுத்தம். அத்தனை நாளும் இது இப்படியே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கோ வலிக்காது. வலித்திருந்தால் முதல் நாளே காலை இழுத்துக்கொண்டிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அவர் பார்க்கும் இடம் அதுதான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றேன்.

"நானும் வரேன்," என்றார் அக்கா.

தில்லைநகரில் கால் புண்களுக்கென்றே பார்க்கும் ஒரு பெண் டாக்டர். புண்ணின் ஆழத்தை ஒரு கம்பியால் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தார்.

"எலும்பு கிட்ட போயிடுச்சு. இன்னும் தொடல. தொட்டுட்டா விரல எடுக்கணும். விரலோட நிக்குமா, பாதி பாதம் போகுமான்னு இப்ப சொல்ல முடியாது," என்றார். பிறகு, "இத்தன நாளா யார் கட்டுப் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் அக்கா.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா. ஆனா இனிமே தொடாதீங்க."

எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் படாதபாடு பட்டேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். வீட்ல யாருமே தொட வேணாம். கட்டு நான் போடறேன். நான் வரச்சொல்ற அன்னிக்கு நான்தான் பிரிப்பேன். அவரு அந்தக் கால ஊனி நடக்கவே கூடாது." பட்டாசு நமுத்துப் போயிற்று.

அதோடு விடவில்லை. புண்ணின் ஓரம் தடித்திருக்கிறது, நாள்பட்ட புண், எதற்கும் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

"எதுக்கு டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கேன்சர் இல்லன்னு உறுதி பண்ணிக்கத்தான். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றால் யார் பயப்படாமல் இருக்கிறார்கள்? முடிவு வருகிறவரைக்கும் அந்த ஃப்ளாட்டில் நாங்கள் சத்தமாகப் பேசவே இல்லை. அக்கா மட்டும் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"நீ இத்தனை வருஷமா இதைத்தானே படிக்கறே? அன்னிக்குத் துணி எடுத்துண்டு போனியே. அதைப் பாத்து அந்த வியாதியா இல்லையான்னு சொல்லப்படாதா?"

"சொல்ல முடியாது, அக்கா."

"ஏன்?"

"ரெண்டுலயும் அதே என்சைம்தான் இருக்கும். கோடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும்."

"அப்போ என்னத்துக்கு அது?" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். அக்கா கையில் செய்வதற்கு ஒரு வேலையாவது இருந்தது, தப்பான வேலையானாலும். என் கையில் ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாத கோடு. அந்தச் சமயத்தில் அக்காவைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட அளவுக்கு வேறு எப்போதும் பட்டதில்லை.

புற்றுநோய் இல்லை என்று வந்தது. அந்தத் தாளை அவர் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் நீட்டியது அக்காவிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அக்காதான், அதனால் இருக்கலாம். ஆனால் இன்னொரு பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அன்றைக்குத்தான் ஒரு மெல்லிய தாளைப் போன்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். கொலாஜன் ஷீட். "இதப் புண்ணு மேல வச்சுக் கட்டிட்டா, அந்த என்சைமுக்கு அரைக்க வேற தீனி கெடச்ச மாதிரி. இதத் தின்னுட்டு இருக்கும், கீழ புதுசா வளர்றத விட்டுடும்."

எனக்கு இது தெரியும். வருஷக்கணக்காகத் தெரியும். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

"இது எதுலேர்ந்து பண்றா?" என்றார் அக்கா.

டாக்டர் மறைக்கவில்லை. "இது மாட்டுத் தோல்லேருந்து எடுத்ததும்மா. மீன்லேருந்து எடுத்ததும் இருக்கு."

வெங்காயம் சேர்த்த குழம்பு கொதித்த வீட்டில் தண்ணீர் குடிக்காதவர் அக்கா. பெருமாளுக்குத் தளிகை சமைத்துப் படைக்கிற வீட்டில், ஆராதனம் செய்கிறவர் காலில், ஒரு ஜீவனின் தோல். நான் தயாராக இருந்தேன். முந்தின வாரமே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கால் முக்கியமா, ஆசாரம் முக்கியமா என்று தொடங்கி, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விழுங்கி வைத்திருந்த அத்தனையையும் அந்த டாக்டர் முன்னாலேயே கொட்டிவிடுவதாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், அக்கா மறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் மறுத்தால் அவர் தம்பி ஒரு தடவையாவது இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அக்கா கேட்டார்: "இதை வெச்சா கால் நிக்குமா?"

"நிக்கறதுக்கு வாய்ப்பு நெறைய. ஆனா உறுதியா சொல்ல மாட்டேன்."

"அப்போ வெச்சுடுங்கோ. அந்த மீன்லேர்ந்து எடுத்ததே இருக்கட்டும்." பிறகு தம்பியிடம், "ஆறி முடியற வரைக்கும் நீ ஆத்துக்கு வர வேண்டாம். பக்கத்தாத்துப் பெரியவர்கிட்ட கேக்கறேன், அவர் வந்து ஆராதனம் பண்ணுவார்," என்றார்.

"அக்கா, இத்தன வருஷத்துல..."

"பெருமாள் காத்துண்டிருப்பார்டா. கால் காத்துண்டிருக்காது."

என் கணவரின் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும் கலங்கியது, ஆனால் ஆத்திரத்தில். ஒத்திகை பார்த்த பேச்சு முழுக்க வீணாயிற்று. தினமும் காலையில் தம்பி வந்து கதவைத் தட்டுவதுதான் அந்தப் பெண்மணியின் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே வரவு. அதை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். சண்டை போட்டுப் பிடுங்கலாம் என்று வந்தவளுக்கு முன்னால் தானே கொடுத்துவிட்டால் என்ன செய்வது? விட்டுக்கொடுப்பதிலும் என்னை முந்திக்கொண்டார்.

இப்படியாக என் கணவர் முழுசாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பேங்கில் லீவு. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பகல் முழுக்க என் வீட்டிலேயே. கால் எனக்குத்தான் என்று ஆகிவிட்டது, ஆனால் தொடக்கூடாது. வெள்ளைக் கட்டு எந்நேரமும் அதன் மேல். அக்கா தினமும் இரண்டு வேளை பார்த்த புண்ணை நான் டாக்டரிடம் போகும் நாட்களில் மட்டும், அதுவும் டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். வீட்டில் அவர் தூங்கும்போது கட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். துணியின் சொரசொரப்புதான் தெரியும்.

அக்காவும் வர ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது தினமும் காலையில் ஒரு ஃப்ளாஸ்கோடு வந்து நிற்பார். என் வீட்டில், என் சோபாவில், என் கணவருக்கு வெளியிலிருந்து காபி வரும். நான் போட்ட காபி அடுப்பில் ஆறிக்கொண்டிருக்கும். அக்கா எதிரே உட்கார்ந்து, கோயிலில் அன்றைக்கு யார் வந்தார்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் எந்த மந்திரத்தை எப்படி விழுங்குகிறார் என்று நடித்துக் காட்டுவார். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் கையில் டிபன் பாக்ஸோடு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று சொல்வேன். இருவரும் ஒன்றாகத் தலையாட்டுவார்கள்.

பஸ்ஸில் பாலத்தின் மேல் போகும்போது கீழே ஆற்றைக்கூடப் பார்க்கமாட்டேன். இந்நேரம் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதே ஓடிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஜெல் பலகைகளைக் கழுவிக்கொண்டே, ஏன் என்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீ பாத்தா ஒடனே இன்னது ஆகும்னு சொல்லிடுவ. அக்கா பாத்தா சரியாயிடும்னு சொல்லுவா," என்றார். "எனக்கு அப்ப அதுதான் வேண்டியிருந்தது."

சரியாயிடும் என்று பொய் சொல்ல எனக்கும்தான் தெரியும். அவர் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆனால் கால் ஆறியது. அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஒவ்வொரு தடவை டாக்டர் பிரிக்கும்போதும் அந்த ஷீட் கரைந்து காணாமல் போயிருக்கும். என்சைம் அதைத் தின்றுவிட்டது. குழியின் அடியில் செக்கச்செவேலென்று சதை மேலே ஏறி வந்தது. ஐப்பசி மழையில் குழி மேடானது. ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்ளே நகர்ந்தது. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒருநாள் டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, மறுபடி கட்டவில்லை. விரல்கள் எல்லாமே காலில் இருந்தன.

"இனிமே வெறுங்கால்ல ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. கோயிலா இருந்தாலும் சரி, வீட்டுக்குள்ளயா இருந்தாலும் சரி," என்றார் டாக்டர். "புதுத் தோலு, வெடிச்சிடும். தெனமும் இந்த க்ரீமத் தடவணும். வீட்ல யார் தடவுவீங்க?"

"நான்," என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். வகுப்பில் முதல் பெஞ்சில் கையைத் தூக்கும் பிள்ளை மாதிரி சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவளே தடவட்டும்," என்றார்.

அன்றைக்குச் சாயந்திரம் சீக்கிரமே வேலையிலிருந்து வந்துவிட்டேன். முகம் கழுவினேன். பூவைக்கூட மாற்றி வைத்துக்கொண்டேன், சிரிக்காதீர்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அவர் வலது காலை எடுத்து என் மடியில் வைத்தேன். கனமாக இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் நான் எதையும் கையுறை இல்லாமல் தொட்டதில்லை. அன்றைக்கு வெறும் கை. க்ரீமை எடுத்துக் குதிகாலில் ஆரம்பித்தேன். ஓரங்களில் தேய்த்தேன். புண் இருந்த இடத்துக்கு வந்தபோது மெதுவாக, விரல் நுனியால் மட்டும். அங்கே தோல் ரேகையே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. அதன் கீழே கொலாஜன் கயிறுகள் இன்னும் தாறுமாறாகத்தான் கிடக்கும். மாதக்கணக்கில் அதே என்சைம் வந்து அவற்றை வெட்டி ஒழுங்குபடுத்தும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தேன். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அவர் பேப்பரின் பக்கத்தைப் புரட்டினார்.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

என் இரண்டு கையும் அவர் உள்ளங்காலில்தான் இருந்தன. காலில் உணர்ச்சி போய்விட்டது என்பது எனக்குத் தெரியாததா? எந்த நரம்பு, எதனால் என்று பாடமே நடத்துவேன். கையை எடுக்கவில்லை.

"அக்கா கட்டுப் போட்டப்பவாவது தெரிஞ்சுதா?" என்றேன்.

"என்னது?"

"அவங்க கை பட்டது."

பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். மறைக்கத் தெரியுமே தவிர அவருக்குப் பொய் சொல்ல வராது.

"இல்ல. ஒண்ணுமே தெரியல."

எனக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.